பூட்டிக் கிடக்கும் சர்வர் கோர்களைத் திறப்பது எப்படி: குமரி மாவட்ட ஐடி ஆட்களுக்கு ஒரு வழிகாட்டி

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் ஜவுளிக்கடை, நகைக்கடை, ஆஸ்பத்திரி, நிதி நிறுவனம் என்று எங்காவது சர்வர் அறையைப் பார்த்துக்கொள்பவரா நீங்கள்? அப்படியென்றால் என்றைக்காவது இந்த வேலை உங்கள் தலையில் விழும். "பில் போட நேரமாகுது. சர்வருக்குள்ளே சும்மா கிடக்கிற ப்ராசசரைத் திறந்துவிடலாமாமே, என்ன செய்யணும்?" என்று முதலாளி கேட்பார். கோடு (நிறுவனம் தரும் திறவு எண்) போடுகிற வேலை இரண்டு நிமிடம்தான். அதற்கு முன்னாலும் பின்னாலும் உள்ள வேலைதான் ஆளைச் சாய்த்துவிடும். எனக்கு இதைச் சொல்லித்தர ஊரில் ஆள் கிடைக்கவில்லை. ஒவ்வொரு சந்தேகத்துக்கும் திருவனந்தபுரத்துக்கும் சென்னைக்கும் போன் போட்டு, ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுத்து, அப்படித்தான் தெரிந்துகொண்டேன். உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

ஐபிஎம் பவர் சர்வர்களை வைத்தே எழுதுகிறேன். இந்த ஏற்பாடு அதிகம் பழக்கத்தில் இருப்பது அதில்தான். வேறு நிறுவனப் பெட்டி வைத்திருப்பவர்களுக்குக் கடைசியில் கொஞ்சம் இருக்கிறது.

1. உள்ளே எத்தனை கோர், திறந்தது எத்தனை

கோர் என்பது ப்ராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி. உதாரணத்துக்கு, பெரிய மாடல் ஒன்றில் பெட்டிக்குள் 24 கோர் இருக்கும், 16-க்கு மட்டும் பணம் கட்டியிருப்போம். மீதி 8 பூட்டிக் கிடக்கும். வீட்டைக் கட்டிக் கொடுத்தவர் மாடியைப் பூட்டிச் சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்வது மாதிரி. சாவி என்பது இங்கே ஒரு ஆக்டிவேஷன் கோடு.

எச்எம்சி கன்சோலில் (சர்வரை வெளியிலிருந்து நிர்வகிக்கும் கருவி) சர்வரின் ப்ராப்பர்ட்டீஸுக்குள் ப்ராசசர் பகுதியைத் திறந்தால் 'இன்ஸ்டால்டு' (உள்ளே இருப்பது) என்று ஒரு எண்ணும் 'கான்ஃபிகரபிள்' (பயன்படுத்த முடிவது) என்று ஒரு எண்ணும் இருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பூட்டிய கோர்கள். பழுதாகி ஒதுக்கப்பட்ட கோர் ஏதாவது இருந்தால் அதுவும் இந்த வித்தியாசத்தில் சேர்ந்து நிற்கும், அதையும் பார்த்துக் கழித்துக்கொள்ளுங்கள். சின்ன மாடல்கள் பலவற்றில் எல்லா கோரும் திறந்தேதான் வரும். அங்கே இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

பழைய சர்வர் வாங்கியவர்கள் இங்கே கவனிக்க வேண்டும். செகண்ட்ஹேண்ட் பெட்டி விற்பவர் "24 கோர் மெஷின்" என்று சொன்னால் அவர் சொல்வது இன்ஸ்டால்டு எண்ணாக இருக்கலாம். பணம் கொடுக்கும் முன் கான்ஃபிகரபிள் எண்ணைத் திரையில் காட்டச் சொல்லுங்கள். மாடல் விற்பனையிலிருந்து விலக்கப்பட்டிருந்தால் அதற்கான ஆக்டிவேஷனும் பிறகு விலக்கப்பட்டுவிடும். அப்போது பூட்டிய கோர் பூட்டியதுதான். பவர்8 பெட்டிகளுக்கு வழக்கமான சர்வீஸே 2024-இல் முடிந்துவிட்டது, மலிவாகக் கிடைக்கிறதே என்று பாய்ந்துவிடாதீர்கள். "கோடு நாங்களே குறைந்த விலைக்குத் தருகிறோம்" என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். கோடு அந்த ஒரு சர்வரின் சீரியல் நம்பருக்கும் அதற்குள் இருக்கும் ஆங்கர் கார்டுக்கும் (சர்வரின் அடையாளத்தைத் தாங்கும் சின்ன அட்டை) கட்டுப்பட்டது. வேறு பெட்டியின் கோடு உங்கள் பெட்டியில் ஏறாது.

பூட்டிய கோர் வெட்டியாகக் கிடக்கிறது என்றும் வருத்தப்பட வேண்டாம். ஓடுகிற கோர் ஒன்று பழுதானால், பெட்டி பூட்டியவற்றிலிருந்து ஒன்றை எடுத்து அந்த இடத்தில் போட்டுக்கொள்ளும். அதற்குத் தனிக் காசு கிடையாது.

2. பற்றாக்குறை கோர்தானா?

காசு செலவழிக்கும் முன் இதைச் செய்யுங்கள். ஏஐஎக்ஸ் (ஐபிஎம்மின் ஓஎஸ்) ஓடும் பார்ட்டிஷனில், அதாவது சர்வரைப் பிரித்த ஒரு துண்டில், எல்பார்ஸ்டாட் கட்டளையைக் கூட்டம் அதிகமான மாலை நேரத்தில் ஓட விடுங்கள். பார்ட்டிஷன் எத்தனை கோர் தின்கிறது, பொதுப் பூலில் (பார்ட்டிஷன்கள் பகிர்ந்துகொள்ளும் கோர் இருப்பு) எவ்வளவு மிச்சம் என்று இரண்டும் தெரியும். மிச்சம் காட்டும் 'ஆப்' என்கிற பத்தி வரவில்லையென்றால், எச்எம்சியில் அந்தப் பார்ட்டிஷனுக்குப் பெர்ஃபார்மன்ஸ் தகவல் சேகரிக்கும் அனுமதியை டிக் செய்யவில்லை என்று அர்த்தம்.

பூலில் மிச்சம் இருக்கும்போதே பார்ட்டிஷன் திணறுகிறது என்றால், ஒன்று அது கேப்டு (ஒதுக்கிய அளவைத் தாண்டி எடுக்க முடியாதது) ஆக இருக்கும், அல்லது வர்ச்சுவல் ப்ராசசர் (பார்ட்டிஷன் தன்னிடம் இருப்பதாகப் பார்க்கும் ப்ராசசர்) எண்ணிக்கை குறைவாக வைத்திருப்பார்கள். அதை மாற்றினாலே போதும், காசில்லாத வேலை. ஆனால் கேப்டு என்று வைத்ததற்கு லைசென்ஸ் காரணம் இருக்கலாம். 4-ஆவது பகுதியைப் படிக்காமல் அதில் கை வைக்க வேண்டாம். டிஸ்க் காத்திருப்புதான் அதிகம் என்றால் கோர் திறந்து ஒரு பிரயோஜனமும் இல்லை.

3. எந்த வழி?

நிரந்தரமாகத் திறப்பது ஒன்று. ஒருமுறை பணம் கட்டிக் கோடு போட்டால் அந்த கோர் அந்தப் பெட்டியின் ஆயுள் முழுக்கத் திறந்திருக்கும். வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்க முடியாது.

தற்காலிகமாகத் திறப்பது அடுத்தது. முன்பு ஆன்-ஆஃப், இப்போது எலாஸ்டிக் என்கிறார்கள். முதலில் ஒரு ஒப்பந்தம், பதிவு, அப்புறம் ஓர் அனுமதிக் கோடு. அதன் பிறகு எத்தனை கோர், எத்தனை நாள் என்று நீங்களே எச்எம்சியில் கேட்டுத் திறந்துகொள்ளலாம். கணக்கு ப்ராசசர்-நாளில் ஓடும்: 3 கோரை 10 நாள் திறந்தால் 30 ப்ராசசர்-நாள். நம் மாவட்டத்துக் கடைகளுக்கு இது பொருந்தும் என்பது என் எண்ணம். ஓணம், தீபாவளி, கிறிஸ்துமஸ் என்று ஆகஸ்டிலிருந்து டிசம்பர் வரை மூன்று முறை கூட்டம் ஏறி இறங்குகிறது. மற்ற மாதங்களில் இருக்கிற கோரே தாராளம். எல்லா மாடலுக்கும் இந்த வசதி கிடையாது, முதலில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

ட்ரையல் 30 நாளுக்கு, காசில்லாமல். நிரந்தரமாக வாங்கும் முன் இதைக் கண்டிப்பாகப் பயன்படுத்துங்கள். அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு: சாதாரண ட்ரையலை ஒருமுறை எடுத்துவிட்டால், நிரந்தர கோர் ஏதாவது வாங்கிய பிறகுதான் அடுத்தது கிடைக்கும். எல்லா பூட்டிய கோரையும் ஒரேயடியாகத் திறக்கும் விதிவிலக்கு ட்ரையல் ஒரே ஒருமுறைதான். மார்ச் மாதம் சும்மா கிடக்கும்போது எடுத்து வீணாக்காமல், கூட்டம் இருக்கும் மாதத்தில் எடுங்கள்.

எண்டர்பிரைஸ் பூல் 2.0 என்று ஒன்றும் சொல்வார்கள். இதில் எல்லா கோரும் திறந்தே இருக்கும், அடிப்படை அளவைத் தாண்டிய பயன்பாடு நிமிடக் கணக்கில் கழியும். அளவெடுப்பது ஐபிஎம் கிளவுடில் இருக்கும் கன்சோல் என்பதால் எச்எம்சிக்கு இணையம் வேண்டும். ஒற்றைப் பெட்டி வைத்திருக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு இது தேவையில்லை என்பேன்.

4. லைசென்ஸ்: பணம் போகும் வழி இதுதான்

கொட்டேஷனில் கோர் ஆக்டிவேஷன் விலை மட்டும் இருக்கும். அந்த கோரில் என்ன ஓடப்போகிறது, அதற்கு என்ன லைசென்ஸ் என்று விற்பவர் வாய் திறக்க மாட்டார். நான் பேசிய பார்ட்னர்களில் (ஐபிஎம் சார்பில் விற்பவர்கள்) ஒருவரும் தானாக இந்தப் பேச்சை எடுக்கவில்லை. நீங்கள்தான் கேட்க வேண்டும்.

ஏஐஎக்ஸ், ஐபிஎம் ஐ என்கிற இரண்டு ஓஎஸ்ஸுக்கும் லைசென்ஸ் கோர் கணக்கில்தான். புதிதாகத் திறக்கும் கோரை எந்தப் பார்ட்டிஷனுக்குக் கொடுக்கிறீர்களோ அந்த ஓஎஸ்ஸுக்கு அத்தனை உரிமை கையில் இருக்க வேண்டும். சப்போர்ட்டும் அதற்கேற்ப ஏறும்.

ஆரக்கிள் டேட்டாபேஸ் இருந்தால் பேனாவை எடுத்து உட்காருங்கள். இன்டெல் சர்வரில் ஆரக்கிள் ஒரு கோரை அரை லைசென்ஸாக எண்ணும். பவர் சர்வரில் கோர் ஒன்றுக்கு முழு லைசென்ஸ். எண்டர்பிரைஸ் எடிஷனின் பட்டியல் விலை ப்ராசசர் லைசென்ஸ் ஒன்றுக்கு 47,500 டாலர், ஆண்டு சப்போர்ட் அதில் 22 சதவீதம். 4 கோர் கூடினால் பட்டியல் விலையில் 1,90,000 டாலர், அதற்கு மேல் ஆண்டுக்கு 41,800 டாலர். தள்ளுபடி கிடைக்கும், சரி. ஆனாலும் கோர் திறந்த செலவு இதன் முன்னால் சில்லறை. பயனாளர் கணக்கில் வாங்கியிருந்தால், எண்டர்பிரைஸ் எடிஷனுக்கு ப்ராசசருக்குக் குறைந்தது 25 பயனாளர் என்ற விதியைப் பாருங்கள். 4 கோர் ஏறினால் குறைந்தபட்ச எண்ணிக்கை 100 ஏறும், கடையில் அத்தனை பேர் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

இதைவிடப் பெரிய கண்ணி ஒன்று உண்டு. பொதுப் பூலில் இருக்கும் பார்ட்டிஷன் கேப்டு என்றிருந்தால் மட்டுமே ஆரக்கிள் அதைத் தனித் துண்டாக ஏற்றுக்கொள்ளும். அன்கேப்டு (பூலிலிருந்து கூடுதலாக எடுத்துக்கொள்ளலாம்) என்று மாற்றிவிட்டால் அந்தத் துண்டுக் கணக்கு போய்விடும். திறந்திருக்கும் எல்லா கோருக்கும் லைசென்ஸ் கேட்கும் நிலைமை வரும். "வேகம் வேண்டும், அன்கேப்டு போட்டுவிடு" என்று யாராவது சொன்னால், எழுத்தில் தரச் சொல்லுங்கள்.

டிபி2, வெப்ஸ்பியர் மாதிரி ஐபிஎம் சாஃப்ட்வேரைப் பார்ட்டிஷன் அளவுக்கு மட்டும் லைசென்ஸ் எடுத்து ஓட்டுகிறீர்கள் என்றால், ஐஎல்எம்டி என்கிற அளவெடுக்கும் கருவி ஓடிக்கொண்டிருக்க வேண்டும். காலாண்டுக்கு ஒருமுறை அறிக்கை எடுத்து 2 ஆண்டு பத்திரப்படுத்த வேண்டும். கோர் கூட்டிய தேதி அந்த அறிக்கையில் தெரியும்.

5. கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

எச்எம்சியில் கெப்பாசிட்டி ஆன் டிமாண்ட் பகுதிக்குள் 'வியூ கோட் இன்ஃபர்மேஷன்' திரை இருக்கிறது. சர்வர் டைப், சீரியல் நம்பர், ஆங்கர் கார்டின் சீரியல் நம்பர், அதன் தனி அடையாள எண், திறந்த கோர் எண்ணிக்கை, சீக்வன்ஸ் நம்பர் எல்லாம் அதில் வரும். கட்டளை வரியில் எடுப்பவர்களுக்கு எல்எஸ்கோட். இதைக் கோப்பாகச் சேமித்து ஆர்டரோடு இணைத்து அனுப்புங்கள். கையால் எழுதி அனுப்பாதீர்கள்.

கூடவே சர்வர் வாங்கிய இன்வாய்ஸ், நடப்பு சப்போர்ட் ஒப்பந்தம், ஐபிஎம் கஸ்டமர் நம்பர். சர்வர் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று இப்போதே பாருங்கள். அப்பா பெயரில் இருந்த நிறுவனம் பிள்ளைகள் காலத்தில் பிரைவேட் லிமிடெட் ஆனது, கடை பிரிந்தது, பெயர் மாறியது என்பதெல்லாம் நம் ஊரில் சகஜம். பதிவில் பழைய பெயர் கிடந்தால் ஆர்டர் அங்கேயே நிற்கும். அதைச் சரிசெய்வதற்குத்தான் மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் போகும். எனக்குப் போன நேரத்தில் பெரும்பங்கு அதற்குத்தான்.

6. கொட்டேஷனும் ஜிஎஸ்டியும்

விலை கேட்கும்போது மூன்று வரியாகப் பிரித்துத் தரச் சொல்லுங்கள்: கோர் ஆக்டிவேஷன், ஓஎஸ் லைசென்ஸ், சப்போர்ட் ஏற்றம். மொத்தமாக ஒரே எண் வந்தால் அடுத்த ஆண்டு சப்போர்ட் புதுப்பிக்கும்போது எது எதற்கு என்று யாருக்கும் தெரியாது. ஒரே ஒரு பார்ட்னரிடம் மட்டும் கேட்காதீர்கள்.

திருவனந்தபுரம் பார்ட்னர் நமக்குக் கிட்டம், ஆனால் அது வேறு மாநிலம். அங்கிருந்து பில் வந்தால் 18 சதவீதமும் ஐஜிஎஸ்டி. சென்னை, மதுரையிலிருந்து வந்தால் 9-ம் 9-மாகப் பிரியும். தொகை ஒன்றுதான். கேரளத்திலும் கிளை வைத்து இரண்டு மாநில ஜிஎஸ்டி பதிவு உள்ள நிறுவனங்கள்தான் உஷாராக இருக்க வேண்டும். சர்வர் நாகர்கோவிலில் இருந்தால் பில்லில் 33-இல் தொடங்கும் நம்பர் இருக்க வேண்டும். பார்ட்னர் பழக்கத்தில் 32-ஐப் போட்டுவிட்டால் இன்புட் கிரெடிட் இந்தப் பக்கம் எடுக்க முடியாது. பர்ச்சேஸ் ஆர்டரிலேயே ஜிஎஸ்டி நம்பரையும் சர்வர் இருக்கும் முகவரியையும் சீரியல் நம்பரையும் எழுதிவிடுங்கள். லைசென்ஸ் தொகைக்கு டிடிஎஸ் பிடிக்க வேண்டுமா என்று பணம் அனுப்பும் முன்பே ஆடிட்டரிடம் கேளுங்கள்.

7. எந்த நாளில் செய்வது

நிரந்தரக் கோடு போட சர்வரை நிறுத்த வேண்டியதில்லை, ஓடிக்கொண்டிருக்கும்போதே ஏறும். ஆனால் பார்ட்டிஷன் ப்ரொஃபைல் (பார்ட்டிஷனுக்கு எத்தனை கோர் என்று எழுதிவைத்த அமைப்பு) மாற்ற வேண்டி வந்தால் அதை நிறுத்தி எழுப்ப வேண்டும். அதற்கு ஒரு நாள் குறித்துக்கொள்ளுங்கள்.

மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவிப்பை முதலில் பாருங்கள். காலையில் போகும் கரண்ட் மதியத்துக்கு மேல்தான் வரும், அன்றைக்கு ஜெனரேட்டரை நம்பி இதைத் தொட வேண்டாம். நமக்குத் தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு மழையும் உண்டு. இடி மின்னல் மாலையில் வேலை வைக்காமல் காலையில் வைப்பது புத்தி. உள்ளூர் விடுமுறை நாட்கள் நல்ல வாய்ப்பு என்று தோன்றும். ஆனால் கோட்டாறு சவேரியார் திருவிழாவான டிசம்பர் 3 அன்று நாகர்கோவிலுக்குள் பார்ட்னரின் இன்ஜினீயர் வண்டி நுழைந்து வருவதற்குள் பொழுது போய்விடும். சுசீந்திரம் தேர், மண்டைக்காடு கொடை நாட்களும் அப்படித்தான். சாதாரண ஞாயிறு காலையே மேல். இன்ஜினீயர் கேரளத்திலிருந்து வருகிறார் என்றால் களியக்காவிளை, மார்த்தாண்டம் நெரிசலுக்கு முன்னால் கிளம்பச் சொல்லுங்கள்.

இன்னொன்று, தீபாவளிக்கு வேண்டும் என்றால் ஓணத்துக்கு முன்பே பேச்சைத் தொடங்கிவிடுங்கள். கோடு வருவது வேகம்தான். ஒப்பந்தம், பெயர் சரிபார்ப்பு, கொட்டேஷன் பேரம் இவைதான் இழுக்கும்.

8. கோடு போடுதல்

ஆர்டர் நிறைவேறியதும் ஐபிஎம்மின் தளத்தில் சர்வர் டைப்பும் சீரியல் நம்பரும் கொடுத்தால் கோடு தெரியும். பார்ட்னர் அனுப்புவார் என்று காத்திருக்க வேண்டாம், நீங்களே எடுக்கலாம்.

கோடு 34 எழுத்து நீளம். அதில் 0 முதல் 9 வரை எண்களும், ஆங்கில எழுத்தில் முதல் ஆறும் மட்டுமே வரும். அதனால் வட்டமாக ஒன்று தெரிந்தால் அது எப்போதும் சைபர்தான், வேறு எழுத்தில்லை. 8-ம் ஆங்கில இரண்டாம் எழுத்தும்தான் குழப்பும். வாட்ஸ்அப்பில் வந்த போட்டோவைப் பார்த்துத் தட்டினால் அங்கேதான் தடுக்கும். தளத்திலிருந்து நேராகக் காப்பி செய்து ஒட்டுங்கள், முன்னும் பின்னும் இடைவெளி ஒட்டிக்கொண்டு வராமல் பாருங்கள்.

எச்எம்சியில் முழு அதிகாரம் உள்ள கணக்கில் நுழைந்து, சர்வரைத் தேர்ந்தெடுத்து, கெப்பாசிட்டி ஆன் டிமாண்ட், அதற்குள் கோடு நுழைக்கும் திரை, ஒட்டு, ஓகே. அவ்வளவுதான். எச்எம்சி இல்லாதவர்களுக்கு சர்வரின் சொந்த நிர்வாகத் திரையான ஏஎஸ்எம்ஐயில் ஆன் டிமாண்ட் யூட்டிலிட்டீஸ் பகுதியில் இதே வசதி இருக்கிறது. கோடு மறுக்கப்பட்டால் வெப்ராளப்பட வேண்டாம். சீரியல் நம்பரையும் ஆங்கர் கார்டு எண்ணையும் ஆர்டரோடு ஒப்பிடுங்கள். நடுவில் கார்டு மாற்றியிருந்தால் பழைய கார்டுக்கு வந்த கோடு செல்லாது. கோடு ஏறியதும் கான்ஃபிகரபிள் எண் கூடியிருக்கிறதா என்று பார்த்து, திரையைச் சேமித்துக்கொள்ளுங்கள். கோட்டையும் அச்சடித்து ஃபைலில் போடுங்கள். பின்னால் ஆங்கர் கார்டு மாற்ற நேர்ந்தால் திறந்த கோர்களை எல்லாம் நிரூபித்துக் கோடு திரும்ப ஏற்ற வேண்டி வரும்.

9. பார்ட்டிஷனுக்குக் கொடுத்தல்

கோர் திறந்ததாலேயே பில்லிங் வேகமாகாது. திறந்த கோர் பொதுப் பூலில் போய் நிற்கும். அன்கேப்டு பார்ட்டிஷன்கள் தங்கள் வர்ச்சுவல் ப்ராசசர் எண்ணிக்கை வரை அதை எடுத்துக்கொள்ளும். மற்றவற்றுக்கு நீங்கள்தான் எச்எம்சி வழியாகக் கூட்ட வேண்டும். ஓடும்போதே கூட்ட ஆர்எம்சி இணைப்பு (எச்எம்சியும் பார்ட்டிஷனும் பேசிக்கொள்ளும் வழி) ஆக்டிவ் என்று காட்ட வேண்டும். இல்லையென்றால் எச்எம்சிக்கும் பார்ட்டிஷனுக்கும் நடுவே ஃபயர்வால் தடுக்கிறதா என்று பாருங்கள்.

ப்ரொஃபைலில் உள்ள மேக்ஸிமம் எண்ணைத் தாண்டி ஓடும்போது கூட்ட முடியாது. மேக்ஸிமம் 8 என்று வைத்துவிட்டு 12 கொடுக்க நினைத்தால் ப்ரொஃபைலை மாற்றி பார்ட்டிஷனை நிறுத்தி எழுப்பியே ஆக வேண்டும். இதை முன்கூட்டியே பார்த்து நாள் குறிப்பது நல்லது.

கூட்டி முடித்ததும் நடப்பு அமைப்பைப் ப்ரொஃபைலில் சேமியுங்கள். சேமிக்காவிட்டால் அடுத்த இடி மழையில் யுபிஎஸ் கைவிட்டு, பெட்டி அணைந்து, பார்ட்டிஷனைப் பழைய ப்ரொஃபைலில் எழுப்பும்போது பழைய கோர் எண்ணிக்கையோடுதான் எழும். கோர் காணாமல் போகவில்லை, பூலில்தான் நிற்கும். அதைக் கண்டுபிடிக்கிற வரை உங்களுக்குத்தான் திட்டு.

10. தற்காலிகக் கோரைத் திருப்பிக் கொடுத்தல்

கேட்ட நாள் முடிவதற்கு முன் பார்ட்டிஷனிலிருந்து கோரை எடுத்துவிடுங்கள். எடுக்காமல் நாள் தாண்டினால் 'திருப்பித் தராதது' என்று கணக்கு தனியாக ஓடும், பில்லும் வரும். ட்ரையலில் பில் வராது. ஆனால் காலம் முடிந்த பிறகு பெட்டி ஒருமுறை அணைந்து எழுந்தால் அந்த கோர்கள் இருக்காது. பார்ட்டிஷனின் மினிமம் எண்ணை உயர்த்தி வைத்திருந்தால் அது எழும்பாமலே நிற்கும். அதனால் தற்காலிகக் கோரை நம்பி மினிமத்தை உயர்த்த வேண்டாம்.

எலாஸ்டிக் ஒப்பந்தத்தில் மாதாமாதம் பயன்பாட்டு அறிக்கை அனுப்ப வேண்டும். எலக்ட்ரானிக் சர்வீஸ் ஏஜென்ட் அமைத்துவிட்டால் தானாகப் போகும். இணையம் அடிக்கடி அறுந்துபோகும் இடம் என்றால் போயிருக்கிறதா என்று மாத இறுதியில் ஒருமுறை பாருங்கள். ஒரு கோரையும் திறக்காத மாதத்திலும் அறிக்கை போக வேண்டும்.

11. வேறு நிறுவனப் பெட்டிகள்

எச்பி இன்டெக்ரிட்டியில் இதற்கு ஐகேப் என்று பெயர். கோடுவேர்டு வாங்கி, ஐகேப்மாடிஃபை கட்டளையில் ஏற்றி, ஐகேப்ஸ்டேட்டஸில் சரிபார்க்க வேண்டும். தற்காலிகத்துக்கு முன்பணம் கட்டிய இருப்பிலிருந்து கழியும். எச்பி-யுஎக்ஸ் 11ஐ வி3-யின் வழக்கமான சப்போர்ட் 2025 டிசம்பரோடு முடிந்தது. அந்தப் பெட்டியில் இனி கோர் வாங்குவதைவிட வேறு இடத்துக்கு மாறுவதற்குப் பணம் ஒதுக்குவது மேல்.

ஃபுஜிட்சு ஸ்பார்க் எம்10-இல் ஆக்டிவேஷன் 2 கோர் அலகாக வரும். எக்ஸ்எஸ்சிஎஃப்பில் (அந்தப் பெட்டியை நிர்வகிக்கும் பகுதி) சாவியைச் சேர்ப்பது மட்டும் போதாது, செட்கோட் கட்டளையால் அதை எந்தப் பிசிக்கல் பார்ட்டிஷனுக்கு என்று ஒதுக்கவும் வேண்டும். பலரும் முதல் படியோடு நின்றுவிட்டு கோர் வரவில்லை என்று புகார் கொடுக்கிறார்கள். இதில் ஒரு நல்ல விஷயம், சாவியை அழித்து அதே மாடலில் இருக்கும் இன்னொரு பெட்டிக்கு மாற்றலாம். மாற்றும் முன் எக்ஸ்எஸ்சிஎஃப் அமைப்பை பேக்கப் எடுத்துக்கொள்ளுங்கள்.